சீட்டு எழுதிக் கொடுக்கும் வக்கீல்

சட்டப் படிப்பை முடித்துப் பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்ட ஓர் இளம்பெண் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கொலையிலும் வன்முறையிலும் உறவை இழந்த குடும்பங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வக்கீலாக இருக்க முடியுமா? அந்த வேலை அன்றாடம் எப்படி இருக்கும்? அதை வைத்துப் பிழைக்க முடியுமா? தென் மாவட்ட நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

பிழைக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஜாமீன் மனுவுக்கே கட்டணம் கைக்கு வந்துவிடும். இறந்தவர் வீட்டில் சம்பாதித்த ஆள்தான் பெரும்பாலும் இறந்திருப்பார். எனக்குச் சோறு போடுவது விபத்து இழப்பீட்டு வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும்தான். வாரத்தில் நான்கு நாள் அவற்றைப் பார்த்தால்தான் மிச்ச நாட்களில் ஒரு தாயோடு செஷன்ஸ் நீதிமன்ற வராந்தாவில் உட்கார முடிகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் பெயர் கொடுத்தால் ஒதுக்கப்படும் வழக்குக்கு ஒரு தொகை வரும். பஸ் செலவுக்கும் ஜெராக்ஸ் செலவுக்கும் அது காணும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாருங்கள். தெரியாமல் வந்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே குடும்பத்தின் மேல் எரிந்து விழத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனி வேலையைப் பற்றி. சட்டக் கல்லூரியில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொலை வழக்கில் ஒரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவர், மறுபக்கம் அரசு. மகனைப் பறிகொடுத்த அம்மா அதில் ஒரு தரப்பே கிடையாது, அவர் அ.சா. 1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. டவாலி பெயரைக் கூப்பிடும்போது உள்ளே போக வேண்டும், சாட்சி சொல்லி முடித்தால் வெளியே வர வேண்டும். தன் மகனைப் பற்றிய வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது என்பதைக்கூட யாரும் அவரிடம் வந்து சொல்வதில்லை. அந்த அம்மாவின் வக்கீலுக்கும் அதே நிலைதான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்வார். நீங்கள் எழுந்தால் நீதிபதி கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்ப்பார்.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது, ஆனால் சின்ன இடம். 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' யார் என்று முதன்முதலாக வரையறுத்தது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக, பாதிக்கப்பட்டவர் தன் விருப்பப்படி ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பதும் அப்போது வந்ததுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில், அதாவது நாங்கள் பி.என்.எஸ்.எஸ். என்று சொல்லும் சட்டத்தில், 18(8) பிரிவின் வரம்புரையாக, அதாவது பிரிவோடு சேர்ந்து வரும் நிபந்தனை வாசகமாக, அது தொடர்கிறது. 338-வது பிரிவின்படி அந்த வக்கீல் அரசு வழக்கறிஞரின் சொற்படி நடக்க வேண்டும். சாட்சியம் முடிந்த பிறகு, நீதிமன்றம் அனுமதித்தால், எழுத்துப்பூர்வமாக வாதம் தாக்கல் செய்யலாம். சாட்சியை நேரடியாகக் கேள்வி கேட்கலாமா என்ற விவகாரம் மேற்கு வங்கத்திலிருந்து ரேகா முரார்கா வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் தீர்ப்பு வந்தது. கேட்கக் கூடாது; ஏதாவது விடுபட்டதாகத் தோன்றினால் அரசு வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும்; அவர் கேட்பார், அல்லது நீதிமன்றம் கேட்கும்.

ஆக, நாம் சீட்டு எழுதிக் கொடுக்கும் வக்கீல்கள். என் நண்பர் ஒருவர் இதைக் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. ஏனென்றால் முழுத் திறமையும் அந்தத் துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது.

அரசு வழக்கறிஞரிடம் அன்றைக்கு எட்டுப் பத்து வழக்குகள் இருக்கும். வழக்குக் காகிதங்களின் கட்டை அவர் முந்தின இரவு புரட்டியிருந்தால் அதுவே அதிர்ஷ்டம். அவரிடம் நீங்கள் பெரிய பெரிய பத்திகளாக எழுதி நீட்டினால் சட்டைப்பைக்குள் போய்விடும். ஒரு சீட்டில் ஒரு செய்தி, கட்டில் அது இருக்கும் பக்க எண், கேட்க வேண்டிய கேள்வி ஒரு வரி. அவ்வளவுதான். ஒரு வழக்கில் சம்பவம் இரவு ஒன்பதரை மணிக்கு. அந்தத் தெருவில் விளக்குக் கம்பமே இல்லை, இருட்டில் இவர் எப்படி அடையாளம் கண்டார் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. வரைபடத்திலும் கம்பம் இல்லை. அரசு வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இறந்தவரின் அக்கா முணுமுணுத்தார்: "அன்றைக்கு அம்மன் கோயில் கொடை, தெரு முழுக்க சீரியல் லைட் போட்டிருந்ததே." நான் எழுதிய சீட்டில் இருந்தவை எட்டுச் சொற்கள்தான். குறுக்கு விசாரணைக்குப் பிறகு அரசு வழக்கறிஞர் செய்யும் மறு விசாரணையில் அந்த ஒரு கேள்வி போனது. கொடைத் திருவிழாவின் நோட்டீஸ் அடுத்த வாய்தாவில் வந்து சேர்ந்தது. ஆறு மாதம் புலன் விசாரணை செய்தவர்கள் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. அக்காவிடமும் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் முக்கால் பங்கு கேட்பது. பேசுவது கால் பங்குகூடக் கிடையாது.

வேலை தொடங்கும் இடம் நீதிமன்றமும் இல்லை, பிணவறை வாசல். அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு எதிரே ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும் எப்படியும் இருக்கும். அங்கேதான் முதல் மூன்று நாட்களில் வழக்கின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அதிர்ச்சியில் இருக்கும் தகப்பனிடம் யாரோ ஒருவர் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். அது புகாரா, பிரேத விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலமா, உடலைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதா என்று அவருக்குத் தெரியாது. படித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதையும், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதையும் அப்போது சொல்லுங்கள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். அங்கே அம்மா என்ன சொல்கிறாரோ அதையும் பிற்பாடு நீதிமன்றத்தில் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிர்த்தரப்பு ஒப்பிடும். அழுகையில் விட்டுப்போன ஒரு வாக்கியம் மூன்று ஆண்டு கழித்து 'பிற்சேர்க்கை' என்று பெயர் வாங்கும்.

இந்த இடத்தில் நம் மக்களைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெட்டியவர்கள் மூன்று பேர் என்றால் புகாரில் பதினோரு பெயர் எழுதச் சொல்வார்கள். அண்ணன், தம்பி, வரப்புத் தகராறில் இருந்த சித்தப்பா, வெளியூரில் வேலை பார்க்கும் மருமகன் வரை. கோபம் புரிகிறது. ஆனால் வெளியூரில் இருந்த அந்த மருமகனின் வருகைப் பதிவேடு ஒன்று போதும், உண்மையாக வெட்டிய மூன்று பேரும் அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடுவார்கள். பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னதற்காக என்னை "அவர்களிடம் காசு வாங்கிவிட்டாயா" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். குடும்பம் சொல்வதையெல்லாம் அப்படியே செய்பவர் குமாஸ்தா. வக்கீலுக்கு வேறு வேலை இருக்கிறது.

உடலை வாங்க மறுத்துப் போராடுவது பற்றிப் பலர் கேட்பார்கள். கைது நடக்கும் வரை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தின் பிரிவு சேர்க்கப்படும் வரை வாங்க மாட்டோம் என்று உட்காருவது ஏழைக் குடும்பத்திடம் இருக்கும் ஒரே பிடி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் நாளே அந்தப் பிடி குடும்பத்தின் கையிலிருந்து தலைவர்களின் கைக்கு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோரிக்கைகளை எழுத்தில் எழுதி, குடும்பத்தார் கையெழுத்திட்டு, அதிகாரியின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி பிணவறை வாசலைத் தாண்டாது.

பணத்தைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் பேச வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்காக தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை வரம்பு வைத்திருக்கிறார்கள். இறந்தவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, கொன்றவர்கள் அப்படி இல்லாதவர்கள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி தனி நிவாரணம் உண்டு. 2016 திருத்தத்தில் கொலைக்கு 8.25 லட்சம், தமிழ்நாடு அரசு பின்னர் உச்சத் தொகையை 12 லட்சமாக்கியது. அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும் வர வேண்டும், மறுபாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இவற்றுக்கு மேலாக மனைவிக்கோ சார்ந்தவருக்கோ மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு வரை கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு என்றுகூட அந்த அட்டவணையில் எழுதியிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் முதல் தவணையோடு நின்றுவிடுகின்றன. மீதி இருப்பதை யாரும் சொல்லவில்லை என்பதே காரணம். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், மாவட்ட ஆட்சியருக்கு மனு, நினைவூட்டல் மனு, அதற்கும் ஒரு நினைவூட்டல். சட்ட நூலகத்தில் கழித்ததைவிட அதிக நேரத்தை நான் தாசில்தார் அலுவலகப் பெஞ்சில்தான் கழித்திருக்கிறேன்.

ஆனால் கடினம் விண்ணப்பத்தில் இல்லை. கணவனை இழந்த ஒரு பெண், காசோலை வந்த பிறகு ஆறு மாதம் அதை வங்கியில் போடவில்லை. தெருக்குழாயில் யாரோ "புருஷனை விற்ற காசு" என்று சொல்லிவிட்டார்கள். காலாவதியான காசோலைக்குப் பதில் புதியது வாங்க இன்னும் நான்கு மாதம் ஆனது. இதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. நான் செய்ததெல்லாம் அவருடைய மாமியாரை அழைத்து உட்காரவைத்து, இது தன் கடமை தவறியதற்கு அரசு தீர்க்கும் கடன், தானம் இல்லை, உங்கள் பேரனின் பள்ளிக் கட்டணம் இதில்தான் இருக்கிறது என்று அவர் வாயாலேயே மருமகளிடம் சொல்ல வைத்ததுதான். மாமியார் சொன்னதும் தெருவின் வாய் அடங்கியது.

அந்தத் தொகையில் பங்கு கேட்பவர்களும் உண்டு. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று அலையும் தரகர்கள் பிணவறை வாசலிலேயே வந்துவிடுவார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குவதும் பார் கவுன்சில் விதிகளின்படி தவறு. கட்டணம் வாங்கினால் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். முடியாதவர்களைச் சட்ட உதவிக்கு அனுப்புங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அது கிடைக்கும்.

பி.என்.எஸ்.எஸ். வந்த பிறகு இரண்டு மூன்று பிடிகள் கூடியிருக்கின்றன. புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸ் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். 230-வது பிரிவின்படி குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கும்போதே பாதிக்கப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும், ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தால்தான். ஆகவே குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே வக்காலத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள். கட்டு கையில் இல்லாமல் சீட்டு எழுத முடியாது. அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

ஜாமீன் கட்டத்தில் தூங்கிவிடாதீர்கள். வெட்டியவன் ஊருக்குத் திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பல குடும்பங்களுக்கு ஜாமீன் கிடைத்த செய்தியே தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தின் லகிம்பூர் கேரியில் 2021 அக்டோபர் 3 அன்று விவசாயிகள் மேல் வண்டி ஏறிய வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதைய ஒன்றிய இணை அமைச்சரின் மகனான ஆஷிஷ் மிஸ்ராவின் ஜாமீன் மனு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் காணொலி வழியாக நடந்தபோது, இறந்தவர் குடும்பங்களின் வக்கீலுக்கு இணைப்பு அறுந்துபோனது. அவர் வாதம் கேட்கப்படாமலே ஜாமீன் கிடைத்தது. 2022 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புலன் விசாரணையிலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆஷிஷ் மிஸ்ராவுக்குப் பிற்பாடு இடைக்கால ஜாமீன் கிடைத்தது என்பது வேறு கதை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நகல் என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஐந்து இருக்கும். இடையீட்டு மனுவோடு ஒன்றை இணைத்தால் நீதிபதி நம்மை உட்காரச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார். வன்கொடுமை வழக்காக இருந்தால் அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவே போதும். ஜாமீன் மனு பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும்.

பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் சாட்சி, பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வழக்குகள் செத்துப்போகும் இடம் அதுதான். சாட்சிகள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு மாறுகிறார்கள் என்று நினைப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. நான் பார்த்ததில் காசு மூன்றாவது காரணம். முதல் காரணம், அதே ஊரில், அதே கடையில், அதே பம்புசெட் தண்ணீரில் பிழைக்க வேண்டியிருப்பது. இரண்டாவது, சலிப்பு. சம்மன் வாங்கிக் கூலியை விட்டு வருவார், வாய்தா போட்டு அனுப்பிவிடுவார்கள். ஐந்தாவது முறை "எனக்கு ஒன்றும் தெரியாது சாமி" என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அவருக்கே புரிந்துவிடுகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதை எதிர்த்தரப்பு நம்மைவிட நன்றாக அறியும்.

கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் கடைசியாகக் காணப்பட்ட, பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்தப் பொறியியல் பட்டதாரியின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. கூட இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். பொதுவாக அந்த இடத்தில் வழக்கு முடிந்துவிடும். முடியவில்லை. அம்மா விடவில்லை. அவர் கேட்டபடி சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் நியமிக்கப்பட்டார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. கோயில் கேமரா காட்சி சாட்சியின் இடத்தில் நின்றது. 2022 மார்ச்சில் முதல் குற்றவாளி யுவராஜ் உட்பட 10 பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் போய், கேமரா எங்கே இருந்தது, எந்தப் படியில் யார் தெரிவார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். 10 பேரும் குற்றவாளிகள் என்பதை ஜூனில் உறுதி செய்தார்கள். நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது வக்கீல் நியமனத்தை. வன்கொடுமைச் சட்ட விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த மனுவைச் சரியாகவும் விடாப்பிடியாகவும் எழுதுவது ஆயிரம் துண்டுச் சீட்டுகளுக்குச் சமம்.

ஊர் மாறினால் சாட்சிக்கு நாக்கு வரும் என்பதற்கு அதற்கும் முந்தைய சான்று மதுரை மாவட்டத்து மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்கு மதுரைப் பக்கம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதன் பின்னால் உழைத்த வக்கீல் பொ. இரத்தினம்தான் விருத்தாசலம் பக்கத்தில் அதே பெயருள்ள இன்னொரு முருகேசனும் அவர் மனைவி கண்ணகியும் கொல்லப்பட்ட வழக்கிலும் அந்த முருகேசனின் குடும்பத்தோடு நின்றார். 2003 ஜூலையில் அந்த இளம் தம்பதியைக் கண்ணகியின் சொந்தக்காரர்களே நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் போட்ட வழக்கில் கொலையுண்ட முருகேசனின் உறவினர்களையே குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்திருந்தார்கள். சி.பி.ஐ. விசாரணை, 2021 செப்டம்பரில் கடலூரில் தீர்ப்பு, 13 பேருக்குத் தண்டனை, அதில் இருவர் போலீஸ் அதிகாரிகள். 2022-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 22 ஆண்டுகள். இந்த வேலைக்கு வருபவருக்கு என்ன வயது இருக்க வேண்டும் என்று இந்தக் கணக்கிலிருந்து யோசித்துப் பாருங்கள். இருபத்து நான்கில் வக்காலத்துப் போட்டால் நாற்பத்தாறில் முடியும்.

சாட்சிக்கு மிரட்டல் வந்தால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தைப் பயன்படுத்துங்கள். மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டமாகவே கருதச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு. மிரட்டல் எந்த அளவு என்று போலீஸ் அறிக்கை தர வேண்டும். நடைமுறையில் வீட்டு வாசலில் ஒரு காவலர் கிடைத்தாலே பெரிது. ஆனால் மனு போட்ட தேதி கட்டில் ஏறும். பிற்பாடு அந்தச் சாட்சி மாறினாலும், ஏன் மாறினார் என்பதற்கு ஒரு தடயம் இருக்கும். பிறழ்சாட்சியின் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போகாது, அரசுத் தரப்பை ஆதரிக்கும் பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்று மாலையே ராஜி பேசப் போய்விடுவார்கள்.

குழந்தைகள் மீதான குற்றங்களில் நம் வேலை கொஞ்சம் எளிது என்று சொல்லலாம், சட்டத்தைப் பொறுத்தமட்டில். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 40-வது பிரிவு குடும்பத்துக்கு விருப்பப்பட்ட வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அங்கே குழந்தையிடம் யாரும் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. இரு தரப்பும் நீதிபதியிடம் சொல்ல, அவர் கேட்பார். அதாவது அந்த அறையில் எல்லா வக்கீல்களுமே சீட்டு எழுதிக் கொடுப்பவர்கள்தான். எனக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. ஊர், பள்ளி, தெரு, பெற்றோர் பெயர் எதையும் வெளியே சொல்லாதீர்கள். வெற்றி பெற்ற வழக்கைப் பற்றி முகநூலில் எழுதும் ஆசையில் ஒரு பிள்ளையை ஊருக்கே காட்டிக்கொடுத்த வக்கீலை எனக்குத் தெரியும்.

விடுதலைத் தீர்ப்பு வந்தால் என்ன செய்வது? அரசு மேல்முறையீடு செய்யுமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 413-வது பிரிவின் வரம்புரைப்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன்அனுமதி வேண்டியதில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் குடும்பம் அந்தப் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய முடியாது. விடுதலை, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்குத்தான் வழி. "பத்து வருஷம்தானா?" என்று ஓர் அப்பா கேட்கும்போது இதை அவரிடம் சொல்வதைப் போலக் கசப்பானது வேறில்லை. தீர்ப்பு நாளுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். தூக்கு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் வக்கீல்கள் எதிர்த்தரப்பைவிட அதிகமாகக் குடும்பங்களை உடைத்திருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், என் ஆலோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் நல்ல மூத்தவர் ஒருவரிடம் ஜூனியராக இருங்கள். ஒரு கட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் அடைக்கவும் முடியாது. நிரபராதிகளும் கூண்டில் நிற்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். அது தெரியாமல் இந்தப் பக்கம் வந்தால் வெறும் வெறுப்பு மட்டும் மிஞ்சும். அரசு வழக்கறிஞர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சீட்டு அவர்கள் கைக்குத்தான் போக வேண்டும். உங்கள் தூக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனைப் படங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அலுவலகப் பீரோவிலேயே பூட்டிவிடுங்கள்.

கடைசியாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வேலை. கொலையான மகனின் செல்போனைப் போலீஸ் கைப்பற்றியிருந்தது. அம்மாவுக்கு வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தப் போனில் இருக்கும் படங்களைத்தான் கேட்டார். வீட்டில் அவன் படம் பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழுக்கு எடுத்தது ஒன்றுதான் இருந்தது. போன் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய், திரும்பி வந்து, சான்றுப் பொருளாக எண் வாங்கிவிட்டது. படங்களின் நகல் மட்டும் வேண்டும் என்று மனு போட்டேன். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி இரண்டு வாய்தா யோசித்தார். பதினொரு மாதம் கழித்து ஒரு சி.டி. கைக்கு வந்தது. அவர்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. என் அலுவலகத்துக்கு வந்து, ஜூனியரின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அவன் முகம் இருந்தது ஒன்பதில். மீதியில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டுக் காளை. அதைக் குளிப்பாட்டியது, அதற்குக் கொம்பு சீவியது, பொங்கலுக்குச் சாயம் பூசியது. "இதைப் போய் இத்தனை எடுத்து வைத்திருக்கிறானே" என்று அந்த அம்மா அன்றைக்கு முதல் முறையாக என் முன்னால் சிரித்தார்.